கீசரின் சிவப்புப் பொத்தான் திரும்பத் திரும்ப விழுகிறது: தெர்மோஸ்டாட் மாற்றியும் நிற்கவில்லை

வெந்நீர்25:

25 லிட்டர், 2 கிலோவாட், சுவரில் செங்குத்தாக மாட்டும் ஸ்டோரேஜ் கீசர். 5 வருடம் ஆகிறது. உப்புத் தண்ணீர். சூடாகிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்து கீசர் செத்துப்போகிறது. எம்சிபி விழுவதில்லை, மின்கசிவு இருந்தால் வெட்டும் ஆர்சிசிபியும் விழுவதில்லை. கீழ்மூடியைக் கழற்றி, கட்அவுட்டில் (அளவுக்கு மேல் சூடானால் மின்சாரத்தை வெட்டும் பாகம்) இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று உட்கார்ந்து மறுபடி ஓடுகிறது.

முன்பு மாதம் ஒருமுறை இப்படி ஆனது. 2 மாதம் முன்பு தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று. அதற்குப் பிறகு குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. இப்போது 2 நாளுக்கு ஒருமுறை. தெர்மோஸ்டாட் குமிழ் நடுவில்தான் இருக்கிறது.

கேட்பது இரண்டு. கட்அவுட்டை மட்டும் புதிதாகப் போட்டால் தீருமா? அதுதான் கெட்டதா என்று பார்க்க, அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் நேரடியாகச் சேர்த்து ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாமா?

ஓம்விதி:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. ஒருநாள் வேண்டாம், ஐந்து நிமிடம்கூட வேண்டாம்.

கீசர் டேங்க் அடைத்த பாத்திரம். அதன் பிரஷர் வால்வு பொதுவாக 8 பாரில்தான் திறக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 100 அல்ல, ஏறக்குறைய 175 டிகிரி. அதாவது தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கட்அவுட்டும் இல்லாமல் ஓடினால், உள்ளே தண்ணீர் 120, 130 என்று ஏறினாலும் கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கும். வெளியில் ஓர் அறிகுறியும் தெரியாது. டேங்க் ஒரு இடத்தில் விட்டாலோ யாராவது குழாயைத் திறந்தாலோ அழுத்தம் சட்டென்று இறங்கும், அந்த நொடியில் ஒரு பங்கு ஆவியாகப் பொங்கும். 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். பொத்தானின் மேல் டேப் ஒட்டி அழுத்தி வைப்பதும், தீக்குச்சி முட்டுக் கொடுப்பதும் இதே கதைதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். பொத்தான் விழுவது நோய் அல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பொத்தான் விழுந்த அந்த நேரத்தில் டேங்க் தண்ணீர் எத்தனை டிகிரி? இதை அளக்காமல் தெர்மோஸ்டாட் மாற்றுவது இருட்டில் கல் எறிவது.

அடுத்த முறை விழுந்ததும் ரீசெட் செய்யாதீர்கள். எம்சிபியை இறக்கிவிட்டு, வெந்நீர்க் குழாயை மெதுவாகத் திறந்து, பைப்பில் நிற்கும் ஆறின தண்ணீர் போகட்டும். பிறகு வருவதை ஸ்டீல் டம்ளரில் பிடித்து சமையல் தெர்மாமீட்டரை விடுங்கள். கையை நீட்டிப் பார்க்க வேண்டாம். 60 டிகிரியே சில நொடியில் தோலைச் சுட்டுவிடும், ஆவி கலந்து சீறி வந்தால் கேட்கவே வேண்டாம்.

80-க்கு மேல் இருந்தால் கட்அவுட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தெர்மோஸ்டாட் வெட்டவில்லை, அல்லது உண்மையான சூட்டை உணரவில்லை. 50, 60 என்று இருந்தால் தண்ணீர் சூடாகவில்லை, கட்அவுட் மட்டும் சூடாகியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு பாதை.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் கடிகாரம் போதும். 25 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் காயிலுக்கு அது அரை மணி நேர வேலை. அதே தண்ணீர் 90-ஐத் தொட கிட்டத்தட்ட 57 நிமிடம். ஆகவே முழுக்கக் குளிர்ந்த டேங்கில் போட்டு, நடுவில் யாரும் தண்ணீர் திறக்காமல், விளக்கு அணைய எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 30 - 35 நிமிடத்தில் அணைந்து, தண்ணீர் கொஞ்சம் ஆறியதும் தானே திரும்ப எரிந்தால் தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கிறது. 50 நிமிடம் தாண்டியும் எரிந்துகொண்டே இருந்தால் எம்சிபியை இறக்கிவிடுங்கள், அது வெட்டப்போவதில்லை. 15, 20 நிமிடத்திலேயே செத்து, ரீசெட் செய்யாமல் உயிர் வரவில்லை என்றால் இரண்டாவது பாதை.

பேஸ்நியூட்ரல்:

ஓம்விதி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். தெர்மோஸ்டாட் மாத்தினதுக்கு அப்புறம் கூடிப்போச்சுன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் துப்பு இருக்கு. மாத்தும்போது ரெண்டு தப்பு சகஜமா நடக்கும்.

முதல் தப்பு, தண்டு நீளம். தண்டு மாதிரி இருக்கற தெர்மோஸ்டாட் ஒரு குழாய்ப் பாக்கெட்டுக்குள்ள போய் உட்காரும். பழசைவிடக் குட்டைத் தண்டு போட்டாலோ, பாதியிலேயே நின்னுட்டாலோ, அது பாக்கெட்டோட அடிப்பக்கச் சூட்டைத்தான் பார்க்கும். கீழ குளிர்ந்த தண்ணி, மேல கொதிக்கிற தண்ணி. தெர்மோஸ்டாட் ‘இன்னும் சூடாகல’ன்னு ஓடிக்கிட்டே இருக்கும். மெல்லிய செம்புக் குழாயோட முனையில சூட்டை உணர்ற குமிழ் இருக்கற கேபிலரி வகைன்னா, குமிழ் பாக்கெட்டோட கடைசி வரைக்கும் போயிருக்கணும். கிளிப் விட்டு ஒரு விரக்கடை வெளிய இறங்கினாலே கணக்கு தப்பும். இன்னொண்ணு, கேபிலரியை ஒரே இடத்துல மடிச்சு நெளிச்சா விரிசல் விட்டு உள்ள இருக்கற திரவம் போயிடும். போயிட்டா தெர்மோஸ்டாட்டுக்கு எப்பவும் குளிராத்தான் தெரியும், வெட்டவே வெட்டாது.

ரெண்டாவது தப்பு, லக், அதாவது ஒயர் முனையில இருக்கற உலோகக் கவ்வி. கட்அவுட்ல சொருகியிருக்கற தட்டை லக்கை ஸ்க்ரூடிரைவரால நெம்பி எடுத்து, தளர்ந்துபோனதையே திரும்பச் சொருகறது. கண்ணுக்கு உள்ள போன மாதிரிதான் இருக்கும், பிடி இருக்காது. 2 கிலோவாட்டுன்னா 230 வோல்ட்ல 8.7 ஆம்பியர். அந்த இடத்துல வெறும் 0.1 ஓம் தடை வந்தாப் போதும், 7.5 வாட் சூடு அந்தச் சின்ன இடத்துலயே பிறக்கும். நகத்தளவு பித்தளைத் தகடுக்கு 7.5 வாட்டுங்கறது சால்டரிங் அயர்ன் முனை மாதிரி. அந்தச் சூடு முனை வழியா நேரா கட்அவுட்டுக்குள்ள இருக்கற பைமெட்டல் தட்டுக்கு (சூட்டுல வளைஞ்சு இணைப்பை வெட்டற ரெட்டை உலோகத் தட்டு) போகும். தண்ணி 50 டிகிரிதான் இருக்கும், தட்டுக்கு 90-ன்னு தெரியும், ‘டக்’.

மூடியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்க. பேக்லைட் கருகின வாசனை மீன் வாடை மாதிரி இருக்கும், தப்பவே தப்பாது. லக்கோட நிறமும் பாருங்க: நல்ல லக் மஞ்சளாவோ வெள்ளையாவோ பளபளக்கும்; சூடுபட்டது செம்பழுப்பா, ஊதா ஓரத்தோட இருக்கும். ஒயர் தோல் முனையில விறைச்சு, மடிச்சா நொறுங்கும்.

ஓம்விதி:

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். திறப்பதற்கு முன் ஓர் ஒழுங்கு: சுவிட்சை அணைத்தால் போதாது, எம்சிபியை இறக்க வேண்டும். சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் போடப்பட்டிருந்தால் கீசர் அணைந்த மாதிரி தெரியும், ஆனால் உள்ளே எல்லா முனையிலும் பேஸ் நிற்கும். மூடியைத் திறந்ததும் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேஸ் - நியூட்ரல், பேஸ் - எர்த், நியூட்ரல் - எர்த் மூன்றையும் பாருங்கள். மூன்றும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கை. இதற்கு முன் மீட்டரை ஓர் உயிருள்ள பிளக்கில் வைத்து மீட்டர் நல்லதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

பிறகு ஒயர்களைப் போட்டோ எடுத்துவிட்டு, லக்குகளை விரலால் அல்லது மூக்குக் குறடால் நேராக இழுத்து எடுங்கள். ஒரு லக் வெண்ணெயில் கத்தி போல வந்துவிட்டால் அதுதான் குற்றவாளி. நல்ல லக் இழுக்க நிஜமாகவே பலம் கேட்கும்.

எல்லா லக்கும் வெளியே வந்ததும் இந்த அளவுகளை எடுத்து இங்கே எழுதுங்கள்:

காயிலின் இரண்டு முனைக்கு நடுவே தடை. 2 கிலோவாட், 230 வோல்ட் காயிலுக்கு ஏறக்குறைய 26 ஓம் வர வேண்டும். (3 கிலோவாட்டாக இருந்தால் 17.6, 1 கிலோவாட்டாக இருந்தால் 53. இதே சூத்திரம்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுப்பது.)

காயிலின் ஒவ்வொரு முனைக்கும் டேங்க் உடம்புக்கும் நடுவே தடை. மல்டிமீட்டரின் மிகப் பெரிய ரேஞ்சில் எல்லையில்லை என்று காட்ட வேண்டும். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கும் என்பதால் இது அரைச் சான்றுதான்; எலக்ட்ரீஷியனிடம் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் இருந்தால் அதில் 1 மெகாஓமுக்குக் கீழே வரும் காயிலை நான் திரும்பப் போடமாட்டேன்.

தெர்மோஸ்டாட்டின் இரண்டு முனை: தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது பூஜ்யம் ஓமுக்குப் பக்கத்தில். வெதுவெதுப்பான டேங்கில் குமிழைக் கடைசி வரை குறைத்தால் ‘டிக்’ என்று திறக்க வேண்டும். சூடான டேங்கில் குமிழ் முழுக்கக் குறைந்த நிலையிலும் பூஜ்யமே காட்டினால் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

கட்அவுட்: பொத்தான் உட்கார்ந்த நிலையில் பூஜ்யம். உங்களுடையதில் 4 முனை இருந்தால் அது பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் வகை. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கருகியிருப்பது சாதாரணம்.

வெந்நீர்25:

எடுத்தேன். குளிர்ந்த டேங்கில் போட்டு விட்டதில் முதல் நாள் 32 நிமிடத்தில் விளக்கு அணைந்தது, சற்று நேரத்தில் தானே எரிந்தது. அடுத்த நாள் 18-ஆவது நிமிடத்தில் செத்தது, ரீசெட் இல்லாமல் எழவில்லை. அப்போது பிடித்த தண்ணீர் 46 டிகிரி.

காயில் 26.9 ஓம். இரண்டு முனையும் உடம்புக்கு எல்லையில்லை. தெர்மோஸ்டாட் குமிழுக்குச் சரியாகத் திறந்து மூடுகிறது. கட்அவுட் 4 முனை வகை. பேஸ் பக்கத்தின் வெளிமுனை லக் பழுப்பாக இருக்கிறது, கையோடு வந்துவிட்டது. அந்த ஒயரின் தோல் 2 செ.மீ. அளவுக்கு விறைத்திருக்கிறது. அந்தப் பக்கம் மீட்டரில் 0.6 ஓம், நியூட்ரல் பக்கம் 0.2. மீட்டர் கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 காட்டுகிறது.

பேஸ்நியூட்ரல்:

அப்போ நியூட்ரல் பக்கம் பூஜ்யம், பேஸ் பக்கம் நிஜமா 0.4 ஓம். லக்கைக் கழட்டிட்டு அளந்தும் 0.4-ன்னா கட்அவுட் உள்ளேயே தொடுமுனை எரிஞ்சிருக்கு. 8.7 ஆம்பியர்ல கணக்குப் போடுங்க: 30 வாட். ஓடும்போது அவ்வளவும் நிலைச்சு நிக்காது, சூடுல தொடுமுனை கொஞ்சம் கூடிக் குறையும், அதனாலதான் ஒருநாள் விழறது, ஒருநாள் விழறதில்ல. எப்படிப் பார்த்தாலும் அந்தக் கட்அவுட்டோட கதை முடிஞ்சது. லக்கு முதல்ல தளர்ந்திருக்கும், அந்தச் சூட்டுல கட்அவுட் தேய்ஞ்சிருக்கும்.

ஆனா கட்அவுட்டை மட்டும் மாத்திட்டு அதே லக்கைச் சொருகினா ரெண்டு மாசத்துல புதுசும் இப்படியே ஆகும். ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும்.

ஒயர்: விறைச்ச பகுதியை மட்டும் இல்ல, உள்ள செம்பு பளிச்சுனு ரோஜா நிறமாத் தெரியற வரைக்கும் வெட்டுங்க. கறுத்த செம்புல கிரிம்ப் பண்ணா (லக்கை ஒயர் மேல அழுத்திப் பிடிக்க வைக்கறது) பிடிக்காது. ஒயர் குட்டையாயிடுச்சுன்னா நடுவுல ஒட்டுப் போட வேணாம், முழு ஒயரையும் மாத்துங்க: 2.5 சதுர மி.மீ., சிலிகான் தோல் போட்டது. சாதா பிவிசி ஒயர் கீசர் மூடிக்குள்ள இருக்கற சூட்டுக்குத் தாங்காது.

லக்: 6.3 மி.மீ. அகலம், ஒயர் அளவுக்கு ஏத்தது. கொரடால நசுக்கறது கிரிம்ப் இல்ல. கிரிம்பிங் டூலால அழுத்தணும். முடிச்சதும் ஒயரை ஒரு கையில, லக்கை ஒரு கையில பிடிச்சு நல்லா இழுத்துப் பாருங்க. சால்டர் வச்சு உறுதிப்படுத்தலாம்னு சிலர் நினைப்பாங்க. வேணாம். சால்டர் வச்ச இடம் விறைப்பாகி அதிர்வுல ஓரத்துல முறியும், தொடர்பு சூடேறினா இளகவும் செய்யும்.

கட்அவுட்: பழசு மேல அச்சடிச்சிருக்கற மூணு எண்ணும் பொருந்தணும். வெட்டற சூடு, ஆம்பியர், வோல்ட். 90 இருந்த இடத்துல ‘கைக்குக் கிடைச்சது’ன்னு 110 போடாதீங்க. 16 ஆம்பியருக்குப் பதிலா 10 போட்டா 2 கிலோவாட்டுக்கு மூச்சு முட்டும். தட்டோட முதுகு டேங்க் சுவத்துல அலுங்காம உட்காரணும். கீழ துரு, பழைய பிசின் இருந்தா சுரண்டி எடுத்துட்டு வைங்க. தட்டுக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி இருந்தா நிஜமாவே தண்ணி கொதிக்கிறப்போ கட்அவுட்டுக்குத் தாமதமாத்தான் தெரியும்.

ஓம்விதி:

கழற்றிய கட்அவுட்டைத் தூக்கி எறிவதற்கு முன் ஆர்வமிருந்தால் ஒரு சோதனை. ஸ்டீல் டம்ளரில் 80 டிகிரித் தண்ணீர் ஊற்றி, கட்அவுட்டின் முதுகை டம்ளரின் வெளிச்சுவரில் அழுத்திப் பிடியுங்கள். முனைகளில் மீட்டரை பஸ்ஸர் ரேஞ்சில் மாட்டுங்கள். 90-க்கான கட்அவுட் இதில் திறக்கக் கூடாது. டம்ளர் சுவரே உள்ளிருக்கும் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும். 65, 70-லேயே பஸ்ஸர் நின்றுவிட்டால் பைமெட்டல் தளர்ந்துவிட்டது. அடிக்கடி விழுந்து எழுந்த கட்அவுட்டில் இது சகஜம். தண்ணீருக்குள் முக்க வேண்டாம். புதியதையும் இப்படி ஒருமுறை பார்த்து மாட்டுவது நல்ல பழக்கம்.

எல்லாம் மாட்டியபின் டேங்கில் தண்ணீர் இருப்பதை உறுதி செய்யுங்கள்: வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று இல்லாமல் தொடர்ச்சியாகத் தண்ணீர் வர வேண்டும். பிறகு எம்சிபி. ஒரு முழுச் சுற்று ஓடி விளக்கு அணையும் தறுவாயில் எம்சிபியை இறக்கி, வோல்ட் இல்லை என்று பார்த்துவிட்டு, உடனே மூடியைத் திறந்து லக்குகளை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் குறிபாருங்கள். பேஸ் பக்கமும் நியூட்ரல் பக்கமும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட 10 டிகிரி கூட இருந்தால் அந்தக் கிரிம்ப்பைத் திரும்பச் செய்யுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அந்தத் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும். லக்கை ஒட்டிய ஒயர் தோலில் குறிவைத்தால் நம்பலாம்.

இன்னொன்று, யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன். பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்று பிளக்கில் பாருங்கள். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் ஒரே கம்பியைத்தான் வெட்டும். இணைப்பு மாறியிருந்தால் அது நியூட்ரலை வெட்டும், காயிலில் பேஸ் நின்றுகொண்டே இருக்கும். காயில் உறையில் விரிசல் விழுந்த அன்றைக்கு மின்சாரம் தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக்கொண்டு, காயிலில் பாதி வழியாக எர்த்துக்குப் போகும். தெர்மோஸ்டாட் திறந்திருந்தும் தண்ணீர் சூடாகிக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருந்தால் உடனே விழுந்துவிடும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில், தெர்மோஸ்டாட்டை மூன்று முறை மாற்றியும் தண்ணீர் கொதிப்பது நிற்காத கேஸ்களில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

குழாயடி:

மின்சாரப் பக்கம் முடிந்துவிட்டது போல. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம், ஏனென்றால் 5 வருட உப்புத் தண்ணீர் கீசர் என்றீர்கள்.

ஒன்று, உப்புக் காரை. தண்ணீர் சூடாகும்போது கரைந்திருக்கும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து காயில் மேல் படியும். 60 டிகிரிக்கு மேல் இது வேகமாக நடக்கும். காரை கட்டிய காயில் தன் சூட்டைத் தண்ணீருக்கு விட முடியாமல் உள்ளே கனலும். உடைந்து விழுந்த சில்லுகள் காயிலுக்கும் தெர்மோஸ்டாட் பாக்கெட்டுக்கும் நடுவே அடைத்துக்கொண்டால் பாக்கெட் மட்டும் சூடாகித் தெர்மோஸ்டாட் சீக்கிரம் வெட்டும். பாக்கெட்டின் மேலேயே கனமாகப் படிந்தால் எதிர்மாறாகத் தாமதமாக வெட்டும். பொரிகிற மாதிரி சத்தம் கேட்டால், வெந்நீரில் வெள்ளைத் துகள் வந்தால் இதுதான்.

காயிலைக் கழற்ற டேங்கைக் காலி செய்ய வேண்டும்: எம்சிபி இறக்கி, தண்ணீர் ஆறவிட்டு, உள்வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து (காற்று போக வழி வேண்டும்), பிரஷர் வால்வின் வடிகால் வழியாக இறக்குங்கள். அடியில் சேறுபோல் ஒரு வாளி வரும். காயிலை 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் என்ற கரைசலில் 1 - 2 மணி நேரம் ஊறவையுங்கள்; மின்முனைகள் நனையாமல் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். நுரைப்பது நின்றால் அமிலம் தீர்ந்தது அல்லது காரை தீர்ந்தது. கழிவறை அமிலம் வேண்டாம். காரையோடு சேர்த்துக் காயில் உறையையும் அரிக்கும். சுத்தியலால் தட்டி உதிர்ப்பதும் வேண்டாம், உறை விரிந்தால் உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரம் குடித்து அடுத்த வாரமே ஆர்சிசிபியை இறக்கும்.

கழற்றியதோடு மக்னீசியம் ஆனோடையும் (டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடும் தண்டு) பாருங்கள். நடுக்கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டால் மாற்றிவிடுங்கள்; அது கரையும் வரைதான் டேங்க் கரையாது. கேஸ்கெட் ஒருமுறை கழற்றினால் புதியது. போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிர் எதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

இரண்டாவது, வறண்டு ஓடுவது. மேல்தொட்டி காலியான நாட்களோடு பொத்தான் விழுந்த நாட்கள் ஒத்துப்போகிறதா என்று யோசித்துப் பாருங்கள். வெந்நீர் டேங்கின் உச்சியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, அதனால் மேல்தொட்டி வற்றினாலும் கீசர் தானாகக் காலியாகாது. ஆனால் உள்வரும் பைப்பில் தண்ணீரைப் பின்னால் விடாத நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாமலோ தூசி சிக்கித் திறந்தே நின்றாலோ, கீழே எங்கோ ஒரு குழாயைத் திறந்தவுடன் கீசர் தண்ணீர் வந்த வழியே இறங்கிப் போய்விடும். மேலே வெந்நீர்க் குழாய் காற்று விட்டால் இன்னும் வேகமாக. பிறகு யாரோ சுவிட்சைப் போட்டால் காயில் காற்றில் சிவக்கும். கட்அவுட் விழுந்து காப்பாற்றும், ஆனால் காயில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாகும்.

வெந்நீர்25:

மேல்தொட்டியோடு ஒத்துப்போகவில்லை. இன்னொரு சந்தேகம்: சூடாகும்போது பிரஷர் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. அதுவும் கோளாறா?

குழாயடி:

இல்லை, நல்ல சகுனம். 25 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 350 மில்லி விரியும். நான்-ரிட்டர்ன் வால்வு வேலை செய்வதால் அது பின்னால் போக முடியாமல் இங்கே சொட்டுகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டி, ஆறியதும் நின்றால் சரி. சூடில்லாத நேரத்திலும் ஓடினால் வால்வு இருக்கையில் காரை. நெம்பியை நாலைந்து முறை தூக்கி விட்டுக் கழுவிப் பாருங்கள், நிற்காவிட்டால் மாற்றுங்கள். சொட்டுகிறதே என்று அந்த வாயில் கட்டை அடித்து அடைக்கும் வேலை மட்டும் கூடாது. வடிகால் வாயில் சின்ன ஓஸ் மாட்டித் தரைவாய்க்கு விட்டுவிடுங்கள், ஓஸின் மறுமுனை திறந்தே இருக்கட்டும்.

நீலச்சுடர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது எல்பிஜி இன்ஸ்டன்ட் ஹீட்டர், 2 பெரிய பேட்டரி போடும் வகை. குழாயைத் திறந்தால் டிக் டிக் டிக் என்று பொறி அடிக்கிறது, தீ பிடிக்கிறது, 4 - 5 நொடியில் அணைகிறது. மூன்று முறை இப்படி ஆனதும் எரர் காட்டி நின்றுவிடுகிறது. குழாயை மூடித் திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

பர்னர்தட்டு:

தீ பிடித்தபின் அணைகிறது என்பது பாதி விடை. பிடிக்கவே இல்லையென்றால் கேஸ், பொறி, தண்ணீர் ஓட்டம் என்று தேட வேண்டும். உங்கள் ஹீட்டரில் தீ இருக்கிறது, போர்டுக்குத்தான் அது தெரியவில்லை.

தீச்சுடர் வழியாக மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும் ஓடும். சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியின் வழியே போர்டு அந்த ஓட்டத்தைப் பார்க்கிறது. அது சில மைக்ரோஆம்பியர்தான். கம்பியில் கரியோ வெள்ளைச் சாம்பலோ படிந்தால் அந்தத் துளி ஓட்டமும் நின்றுவிடும், தீ இல்லை என்று நினைத்துக் கேஸை மூடிவிடும். கேஸ் வால்வை மூடி, பேட்டரியை எடுத்து, ஆறவிட்டு, முன்மூடியைக் கழற்றுங்கள். பர்னருக்கு மேலே பீங்கான் உறையோடு இரண்டு கம்பி தெரியும்: பொறி அடிப்பது ஒன்று, மற்றது இது. நுண்ணிய எமரி தாளால் லேசாகத் தேய்த்து உலோகம் தெரியச் செய்யுங்கள், வளைக்காதீர்கள். பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஓட்டம் உடம்புக்குக் கசியும். அதன் ஒயர் போர்டில் இறுக்கமாக இருக்கிறதா, பர்னருக்கு எர்த் ஒயர் துரு இல்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுற்று முழுமையாக இரண்டு முனையும் வேண்டும்.

அதற்கு முன் ஒரு நிமிட வேலை: பேட்டரி. இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். பொறி அடிக்கும்போது அளந்தால் 2.5-க்குக் கீழே இறங்குகிறதா பாருங்கள். பொறி அடிக்கப் போதும், கேஸ் வால்வைப் பிடித்து வைக்கப் போதாது என்ற நிலை ஒன்று உண்டு, அறிகுறி அச்சு அசல் உங்களுடையதுதான். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

இவை சரியாக இருந்தும் அணைந்தால் சுடரைப் பாருங்கள். நீலமாக, பர்னரை ஒட்டி நின்றால் சரி. மஞ்சளாக ஆடினால், மேலே உள்ள செதில்களில் கரி இருந்தால், அறையில் காற்று குறைவு அல்லது புகைபோக்கி அடைப்பு. அப்போது எரர் காட்டி நின்றது ஹீட்டரின் கோளாறு அல்ல, அது உங்களைக் கார்பன் மோனாக்சைடிலிருந்து காக்கிறது. ரீசெட் செய்துகொண்டே குளிக்காதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகைபோக்கியைச் சுத்தம் செய்து, காற்று வரும் வழியைத் திறந்த பிறகுதான் அடுத்த முயற்சி.

முயற்சிகளுக்கு நடுவே 5 நிமிடம் விடுங்கள். எரியாமல் வெளியேறிய எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் தரை மட்டத்தில் காற்றோட்டம் வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் மேலே ஓடினால் மட்டும் போதாது. வாசனை வந்தால் ஃபேன் சுவிட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடிவிட்டுக் கதவைத் திறங்கள்.

வெந்நீர்25:

கட்அவுட், இரண்டு பேஸ் ஒயர், நான்கு லக் மாற்றியாயிற்று. 33 நிமிடத்தில் விளக்கு அணைந்தது. எம்சிபி இறக்கி உடனே பார்த்ததில் பேஸ் லக் பக்கம் 47 டிகிரி, நியூட்ரல் பக்கம் 45. பிளக்கில் பேஸும் நியூட்ரலும் சரியான பக்கம்தான். காயிலை இன்னும் கழற்றவில்லை. பொரிகிற சத்தம் இருக்கிறது.

பேஸ்நியூட்ரல்:

2 டிகிரி வித்தியாசம் ஒண்ணும் இல்ல, மூடிடலாம். காயிலைக் கழட்டும்போது கேஸ்கெட்டையும் ஆனோடையும் முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டு உட்காருங்க, இல்லன்னா டேங்க் திறந்த வாயோட ரெண்டு நாள் கிடக்கும்.